மைனர் எஞ்சினை இறக்கிச் செய்வது எப்படி: 1098 சிசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனரின் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, கழற்றினால், அந்தக் கார் தொண்ணூறுகளை எப்படிக் கடந்தது என்று சிலிண்டர் சுவரே சொல்லிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. ஆவியாகாத மிச்சம் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு எஞ்சினின் அடியில் இருக்கும் ஒயில் தொட்டியான சம்புக்குள் இறங்கி, அங்கே இருக்கும் ஒயிலையும் நீர்க்க வைக்கும். மேலே பிஸ்டன் ரிங் தேயும், கீழே பெயரிங் தேயும். அப்படித் தேய்ந்த எஞ்சின்கள்தான் இன்றைக்கும் நீலப் புகையோடு கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் நிற்கின்றன.

இந்த எஞ்சினை இறக்கி, மறுபடி பல வருசம் நம்பி ஓடக்கூடிய மாதிரிக் கட்டுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே கொஞ்சம் இழுவையும் கிடைக்கும். ஆனால் ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். காசை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், அளக்கும் கருவிக்கும் லேத் வேலைக்கும் போடுங்கள் என்பேன். பெரிய காபரேற்றரும் பளபளக்கும் எயர் ஃபில்டரும் கடைசிதான். தேய்ந்த எஞ்சினில் அவை சத்தத்தை மட்டும்தான் கூட்டும்.

எந்த எஞ்சின் என்று முதலில் பாருங்கள்

பிஎம்சியின் ஏ-சீரிஸ் எஞ்சின் 1951-ல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சிசியாக வந்தது. மினியில் 2000 வரைக்கும் ஓடியது. மைனரில் 1956 முதல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி. எஞ்சின் இலக்கத் தகட்டில் '9எம்' என்று தொடங்கினால் 948, '10எம்' என்று தொடங்கினால் 1098. அதன் பிறகு வரும் எழுத்துக்களில் 'எச்' இருந்தால் உயர் அமுக்கம், 'எல்' இருந்தால் தாழ் அமுக்கம். தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். அறுபது வருசத்தில் எத்தனை கை மாறியிருக்கும்! 1098-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 64.58 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.72 மி.மீ. அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இந்த எஞ்சினின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரோக் நீளம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பெயரிங். கீழ்ச் சுற்றில் நன்றாக இழுக்கும், நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டினால் நடுங்கும். புதிதாக இருந்தபோதே 48 குதிரைத்திறன்தான். ஆகவே மேல்ச் சுற்றில் வலுத் தேடுவது இதன் எலும்புக்கு ஒவ்வாது. 2,000 முதல் 4,500 வரை நன்றாக இழுத்தால் போதும். நம்முடைய வீதிக்கு அதுதான் வேண்டும்.

திறக்க முன்

ஓடும் நிலையில் இருந்தால், கழற்ற முன் அமுக்கத்தைச் சோதியுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுக்க அமத்தி, ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். இலக்கம் எவ்வளவு என்பதைவிட நான்கும் கிட்டக்கிட்ட நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மற்றவற்றைவிட 20 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) மேல் விழுந்திருந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கும் போரும். ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கெட். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒயில் அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ அளவிலும், ஐட்லிங்கில் 15-க்குக் கீழே போகாமலும் இருக்க வேண்டும்.

கழற்றுவது

கழற்றுவது அரை நாள் வேலை. ஆனால் அடுக்கி வைப்பதில்தான் கவனம். ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் எட்டு ஓட்டை குத்தி, வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ரொட்டுகளை முன்னிருந்து பின்னாக வரிசையாகச் செருகுங்கள். அவற்றின் அடியில் இருக்கும் ரப்பெற்றுகளைப் பக்கவாட்டு மூடிகள் வழியாக எடுத்து, அதே வரிசையில் இலக்கம் எழுதிய பைகளில் போடுங்கள். மெயின் பெயரிங் மூடிகள் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறக்கூடாது. அவை ப்ளொக்கோடு சேர்த்துக் குடையப்பட்டவை.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பெரிய முனை இந்த எஞ்சினில் சாய்வாகப் பிளந்திருக்கும், மேலே போர் வழியாக உருவி எடுப்பதற்காக. நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியும் இருக்கும். கழற்ற முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். போரின் மேல் விளிம்பில் ரிங் தேய்க்காத ஒரு வரம்பு நிற்கும். பிஸ்டனை அடித்து ஏற்றினால் ரிங் அதில் முட்டி உடையும். எப்படியும் போர் அடிக்கப் போகிறீர்கள், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால், வரம்பை முதலில் மெல்லச் சுரண்டி எடுத்துவிடலாம்.

கழுவுவது

இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் பாதி இதுதான்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு, றேடியேற்றரில் வருசக் கணக்காக ஊற்றிய தண்ணீரால் ப்ளொக்குக்குள்ளும் படிந்திருக்கும். துருவும் சேர்ந்து சேறாகி, பின்பக்கம், நாலாம் சிலிண்டரைச் சுற்றி இறுகிக் கிடக்கும். 'ஏத்தத்தில கொதிக்குது' என்று கொண்டு வந்த ஒரு காரில், ப்ளொக்கின் தண்ணீர் வழியை மூடும் கோர் பிளக்கை அடித்து எடுத்தபோது, திருப்புளியால் கிண்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. ஒரு தேநீர்க் கோப்பை நிறைய வந்தது. அதனால் கோர் பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வளைத்த கம்பியால் கிண்டி, தண்ணீரைப் பீச்சி அடியுங்கள். இனிமேல் கூலண்ட் இல்லையென்றால் வடித்த நீர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

அடுத்தது ஒயில் வழிகள். ப்ளொக்கின் பிரதான ஒயில் வழியைப் பித்தளை அடைப்புகள் மூடியிருக்கும். அவற்றைத் துளைத்து எடுத்து, போத்தல் கழுவும் பிரஷை உள்ளே விட்டு, மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்து, பிறகு புது அடைப்புப் போடுங்கள். கிராங்குக்குள் இருக்கும் சாய்வு வழிகளும் அப்படியே.

ஒரு தடவை நான் இதைச் செய்யாமல் விட்டேன். கிராங்க் அரைத்து வந்திருந்தது, வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கியது. துடைத்துப் பூட்டிவிட்டேன். 400 கிலோமீற்றரில் ஒயில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. சம்பைக் கழற்றிப் பார்த்தால், புதுப் பெயரிங் ஓடுகள் முழுக்கக் கீறல். அரைத்த கல்லின் தூள் கிராங்கின் ஓட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. லேத்காரரைக் குறை சொல்ல முடியாது. கழுவ வேண்டியது பூட்டுகிறவன்.

அளப்பது

மைக்ரோமீற்றர், போர் கேஜ், ஃபீலர் கேஜ், ஒரு நேர்விளிம்பு. சொந்தமாக இல்லாவிட்டால் லேத்தில் நின்று அளப்பித்து, ஒவ்வொரு இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.

போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாட்டாகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 0.15 மி.மீ. வித்தியாசம் வந்தால், வெறும் புது ரிங் போட்டு ஏமாற வேண்டாம், போர் அடிக்கத்தான் வேண்டும். கிராங்க் ஜேர்னல்கள், அதாவது பெயரிங்கில் சுழலும் பகுதிகள், 0.025 மி.மீ.க்கு மேல் முட்டை வடிவாகியிருந்தால், அல்லது நகம் பிடிக்கிற கீறல் இருந்தால், அரைக்க வேண்டும். பெயரிங் ஓடுகள் பத்துப் பத்து தௌ கணக்கில்தான் வரும். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஏற்கெனவே எத்தனை தடவை அரைத்திருக்கிறது என்பதைப் பழைய ஓட்டின் முதுகில் பொறித்த இலக்கம் சொல்லும். அதை வீசிவிடாதீர்கள்.

லேத்துக்குக் கொடுப்பது

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதற்குப் பிறகே ப்ளொக்கைக் கொடுங்கள். பிஸ்டன் கையில் இருந்தால்தான் அதன் அளவுக்குப் போர் அடிக்கலாம். இடைவெளி எவ்வளவு என்று பிஸ்டன் பெட்டியிலேயே இருக்கும். போர் அடித்த சுவர் மினுங்கக் கூடாது. ஹோன் கல்லின் கீறல்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டி நிற்க வேண்டும். ஒயில் தங்குவது அந்தக் கீறலில்தான்.

கிராங்க் அரைக்கிறவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஜேர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை மூலையாக வெட்டிவிட வேண்டாம். கிராங்க் உடைவது அந்த மூலையிலிருந்துதான்.

பிஸ்டனும் கொன்ரொட்டும் எடை ஒத்து வருகிறதா என்று பாருங்கள். இதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். நான்கு பிஸ்டனையும் நிறுத்து, இருப்பதில் இலேசானதுக்குச் சமமாக மற்ற மூன்றையும் உட்பக்கத்தில் தேய்த்து, ஒரு கிராமுக்குள் கொண்டு வாருங்கள். ரொட்டும் அப்படியே. பெரிய முனையையும் சின்ன முனையையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை. முடித்த பிறகு ஸ்டீரிங்கில் கை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஹெட்: வலு இருக்கும் இடம்

ஏ-சீரிஸ் ஹெட்டில் ஐந்தே ஐந்து வாய்கள். உள்ளே இழுக்க இரண்டு: ஒன்றை 1-ம் 2-ம் பகிரும், மற்றதை 3-ம் 4-ம். வெளியே விட மூன்று: நடுவில் இருப்பது 2-க்கும் 3-க்கும் பொது. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒரே வாயைப் பகிரும் இரண்டும் அடுத்தடுத்து இழுக்கும், பிறகு நீண்ட ஓய்வு. அதனால் இரண்டும் ஒரே அளவு நிரம்புவதில்லை. இந்த அடிப்படைக் குறையை எந்தக் காபரேற்றராலும் முழுக்கத் தீர்க்க முடியாது. வாயைச் சீராக்குவதுதான் நம்மால் ஆவது.

முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாகச் சூடு கூடிய நடு எக்ஸோஸ்ட் வாயைச் சுற்றி. இலங்கையில் 2002-ல் ஈயம் கலந்த பெற்றோல் நின்று போனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் எக்ஸோஸ்ட் சீட் (வால்வு அமரும் இடம்) அந்த ஈயத்தை நம்பி இருந்தது. இப்போது ஓட ஓட வால்வு மேலே ஏறி, இடைவெளி குறைந்துகொண்டே போகும். அதனால் நான்கு எக்ஸோஸ்ட் வால்வுக்கும் கடினமான சீட் வளையம் இறக்குங்கள். வால்வுத் தண்டு ஓடும் கைட்டும் ஆடினால் மாற்றுங்கள். பிறகு பேஸ்ட் போட்டு வால்வைக் கையால் தேய்த்து, சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வட்டம் வரும் வரைக்கும் விடக்கூடாது.

மெனிஃபோல்டின் ஓட்டையும் ஹெட்டின் ஓட்டையும் பெரும்பாலும் நேராக நிற்காது. காஸ்கெட்டை வைத்துக் கீறி, உள்ளே நீட்டும் விளிம்பை மட்டும் அரத்தால் எடுங்கள். வாயைப் பெரிதாக்க வேண்டாம், படி இல்லாமல் இருந்தால் போதும். உள்ளிழுக்கும் வழியைக் கண்ணாடி மாதிரி மினுக்குவதிலும் பிரயோசனம் இல்லை.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் 12ஜி295 என்ற வார்ப்பு எண் உள்ள ஹெட்டைத் தேடலாம். இன்லெட் வால்வு பெரிது, அறையும் நல்ல வடிவம். 1275 சிசியின் 12ஜி940 ஹெட் கிடைத்தது என்று ஆசைப்பட்டு அப்படியே பூட்டிவிடாதீர்கள். அதன் எக்ஸோஸ்ட் வால்வு 1098-ன் ப்ளொக்கில் முட்டும்.

இனி அமுக்க விகிதம். மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்குங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வையும் பிளக்கையும் போட்டு, அறையின் மேல் கிரீஸ் பூசிய கண்ணாடித் துண்டை ஒரு சிறு ஓட்டையோடு வைத்து, அந்த ஓட்டையால் மண்ணெண்ணெய் விட்டு நிரப்புங்கள். எத்தனை சிசி போனதோ அதுதான் அறை. நாங்கள் கடைசியாகச் செய்த எஞ்சின் இருபது தௌ போர் அடித்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 278.6 சிசி. அறை 26.4, காஸ்கெட் 2.8, பிஸ்டன் ப்ளொக் விளிம்புக்குக் கீழே நின்ற இடைவெளி 1.7, பிஸ்டனின் குழியும் ரிங்குக்கு மேல் ஓரமும் 5.3. மொத்தம் 36.2. 278.6-ஐயும் 36.2-ஐயும் கூட்டி 36.2-ஆல் பிரித்தால் 8.7 வரும். 92 ஒக்டேன் பெற்றோலுக்கு இது நல்ல இடம். ஹெட்டைச் சீவி 9-க்கு ஏற்றியிருக்கலாம். வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு வேண்டாம் என்று விட்டோம். மட்டம் எடுக்கிற அளவுக்கு மட்டும் சீவினோம். நான்கு அறையும் ஒரே சிசியாக இருப்பதுதான் முக்கியம்.

பூட்டுவது

தூசி இல்லாத நாள், துடைத்த மேசை, கழுவிய கை. மெயின் பெயரிங் ஓடுகளைப் போட்டு, ஒயில் பூசி, கிராங்கை இறக்குங்கள். நடுப் பெயரிங்கின் இரு பக்கமும் போகும் த்ரஸ்ட் வொஷர்களில் பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். கிராங்க் முன்பின்னாக ஆடும் அளவு 0.05 முதல் 0.075 மி.மீ. வரை. மெயின் போல்ட்டை இறுக்கும் விசை 60 இறாத்தல்-அடி.

என்னைப் பழக்கிய ஐயா ஒவ்வொரு மூடியையும் இறுக்கின பிறகு சொல்லுவார்: 'தம்பி, கையாலை சுத்திப் பாரும். இறுகினால் நிப்பாட்டும்.' ஒரு மூடி, ஒரு சுற்று. அடுத்த மூடி, அடுத்த சுற்று. எங்கே இறுகுகிறதோ அங்கேதான் பிழை. எல்லாம் பூட்டின பிறகு தேடினால் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

ரிங் ஒவ்வொன்றையும் அதன் சொந்தச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாயிடைவெளியை அளங்கள். போரின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. என்பது கணக்கு, இதற்குச் சுமார் 0.26 வரும். குறைந்தால் மெல்லிய அரத்தால் எடுங்கள். கூடினால் கொஞ்சம் ஒயில் குடிக்கும். குறைந்தாலோ சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். ரிங் வாய்கள் ஒரே நேரில் நிற்கக்கூடாது. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் இரண்டு சேர்க்லிப்பும் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று சுழற்றிப் பாருங்கள். பிக் எண்ட் போல்ட் 35 இறாத்தல்-அடி, பூட்டுத் தகடு புதிது.

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் புதிதென்றால் ரப்பெற்றும் புதிது. இதில் பேரம் இல்லை. பழைய ரப்பெற்று புதுக் கேமைத் தின்றுவிடும். கேம் மேடுகளிலும் ரப்பெற்றின் அடியிலும் மொலிப்டினம் பேஸ்ட் தாராளமாகப் பூசுங்கள். நான் தொழிற்சாலைக் கேமையே போடுவேன். டைமிங் சங்கிலியை மாற்றும்போது இரட்டை வரிசைச் சங்கிலி கிடைத்தால் நல்லது. இரு பல்சக்கரத்திலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். ஒயில் பம்பைப் பூட்ட முன் அதற்குள் ஒயில் நிரப்புங்கள்.

ஹெட் நட் ஒன்பதும் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, மூன்று தவணையில் 40 இறாத்தல்-அடிக்கு. ரொக்கர் நட் 25. வால்வு இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில், 0.30 மி.மீ. இதற்கு 'ஒன்பது கணக்கு' இருக்கிறது. முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யுங்கள், ஏழு திறந்திருக்கும்போது இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

பிளக் என்ஜிகே பீபி6ஈஎஸ், இடைவெளி 0.64 மி.மீ. கொன்ராக்ட் பொயின்ற் 0.38. மண்ணெண்ணெயில் ஓடிய காரென்றால் டிஸ்ரிபியூட்டர், பொறி தாமதமாக விழும்படி, பெரும்பாலும் பின்தள்ளி இருக்கும். அந்தப் பழைய அடையாளத்தை நம்பாமல் டைமிங்கைப் புதிதாக வையுங்கள்.

காபரேற்றருக்கு, இருக்கும் எஸ்யூ எச்எஸ்2-வின் த்ரொட்டில் தண்டு ஆடாமல் புது புஷ் போட்டாலே பாதிக் குறை தீரும். ஹெட் வேலை செய்திருந்தால் ஒன்றரை அங்குல எச்எஸ்4 பொருத்தலாம். அதற்கேற்ற ஊசி வேண்டும், அளவு தெரியாமல் போட்டால் கறுப்புப் புகைதான். இவ்வளவும் செய்தால் 55 குதிரைத்திறன் அளவில் எதிர்பார்க்கலாம். கேட்கச் சின்னதாக இருக்கும். மூன்றாம் கியரில் ஒரு ஏற்றத்தைப் பிடித்துப் பாருங்கள்.

முதல் ஸ்ரார்ட்

நாலு பிளக்கையும் கழற்றி, ஒயில் கேஜ் அசையும் வரைக்கும் ஸ்ராட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகுதான் பிளக்கும் பெற்றோலும். எஞ்சின் பிடித்தவுடன் ஐட்லிங்கில் விட வேண்டாம். கேமுக்கு ஒயில் தெறிப்பது சுற்றில்தான், அதனால் 2,000 சுற்றில் 20 நிமிடம். ஒயில் சாதாரண மினரல் 20டபிள்யூ-50. விலை கூடிய சிந்தெற்றிக் இப்போது வேண்டாம், ரிங் படியாது.

ஆறிய பிறகு ஹெட்டை மறுபடி இறுக்கி, வால்வையும் பாருங்கள். பிறகு வீதிக்கு. முதல் 500 கிலோமீற்றரும் பொத்திப் பொத்தி ஓடினால் ரிங் படியாமல் போர் மினுங்கிவிடும். இரண்டாம், மூன்றாம் கியரில் பாதி அழுத்தத்தில் இழுத்து, பிறகு காலை எடுத்து உருள விடுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் இழுத்துத் திணறுவதும் கூடாது. 500-ல் ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் மினுக்கம் இருந்தால் அது ரிங் படிந்த தூள், சரி. செம்பு நிறம் தெரிந்தால் அது பெயரிங், சம்பைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று, பலர் இதற்காகவே எஞ்சினைத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள். கிராங்கின் பின்பக்கம் இந்த எஞ்சினில் ரப்பர் ஒயில் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் ஒரு திருகுப் பள்ளம் மட்டும்தான். எஞ்சினின் உட்காற்றை வெளியே விடும் பிறீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே காற்று நெருக்கி, அந்தப் பள்ளத்தைத் தாண்டி ஒயில் கிளச்சுக்கு வரும். பிறீதரைத் திறந்து வையுங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டையில் ஸ்பிளிற் பின் தொங்கும். யாரோ மறந்து விட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், ஓட்டை அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்கத்தான் அது. இரவு நிறுத்திய இடத்தில் காலையில் அதன் கீழே ஒரு துளி இருந்தால் எஞ்சின் நல்லது. ஒரு தட்டளவு இருந்தால் முதலில் பிறீதரைப் பாருங்கள்.